கறுத்த ஒரு பல்லுக்காக எட்டுப் பற்களை அரைக்க வேண்டுமா?

நீரரமகள் (களுவாஞ்சிகுடி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. ஆரம்பப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். 14 வயதில் பாடசாலை விட்டு வரும்போது கிறவல் வீதியில் சைக்கிளோடு விழுந்து, மேல் வரிசையின் நடுப் பற்கள் இரண்டும் சீமெந்து மதகில் அடிபட்டன. இடப் பக்கத்துப் பல்லின் மூலையில் ஓர் அரிசி மணி அளவு துண்டு உடைந்தது. வலப் பக்கத்துப் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் மூன்று நான்கு வருடங்களில் அந்தப் பல்தான் மெல்ல மெல்ல நிறம் மாறி, இப்போது பென்சில் கரியைத் தேய்த்துவிட்டது போல் சாம்பல் நிறமாக இருக்கிறது. வலி இல்லை, ஆட்டமும் இல்லை.

நான் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பேன். அது எனக்கே தெரியாமல் பழகிப்போன ஒன்று. சென்ற மாதம் என் வகுப்புப் பிள்ளைகள் ‘ரீச்சர் விளையாட்டு’ விளையாடியபோது, என் வேடம் போட்ட சிறுமி ஒவ்வொரு தடவையும் வலது கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துக் காட்டினாள். அன்றுதான் பல் வைத்தியரிடம் போவதென்று முடிவெடுத்தேன். ஆவணியில் எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை.

நான் போன தனியார் பற்சிகிச்சை நிலையத்தில் பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கவில்லை. கைத்தொலைபேசியில் ஒரு நடிகையின் படத்தைக் காட்டி, மேல் வரிசையில் எட்டுப் பற்களையும் அரைத்து ‘கிறவுன்’ போட்டால் இரண்டே வருகையில் இப்படியே ஆகிவிடும், பாதித் தொகையை முற்பணமாகக் கட்டலாம் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை எனது ஆறு மாதச் சம்பளம். பணத்தை விட எனக்குப் பயமாக இருப்பது, நன்றாக இருக்கும் ஆறு பற்களை எதற்காக அரைக்க வேண்டும் என்பதுதான். கேட்டபோது, ஒன்றிரண்டை மட்டும் செய்தால் நிறம் பொருந்தாது என்றார்கள். இது உண்மையா? கிறவுன், வெனீர், வெண்மையாக்கல், பூச்சு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது எதற்கு?

இன்னொன்று: இணையத்தில் பார்த்து இரண்டு வாரம் உமிக்கரியும் எலுமிச்சஞ்சாறும் சேர்த்துத் தேய்த்தேன். அந்தப் பல் மாறவில்லை. மற்றப் பற்கள்தான் இப்போது குளிர்ந்த தண்ணீருக்குக் கூசுகின்றன. அம்மாவும் முப்பது வருடமாக வெற்றிலை போடுபவர். தன் பல்லின் கறையையும் எடுக்க முடியுமா என்று கேட்கச் சொன்னார்.

பழைய பாலம் (கல்லடி) எழுதியது:

மகள், முற்பணத்தைக் கட்டிவிடாதீர்கள். நான் வைத்தியர் இல்லை; எட்டு வருடத்துக்கு முன்பு நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் நின்று, ஆம் என்று சொல்லிவிட்டவள். அந்த அனுபவத்தை மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு முன்பற்களுக்கிடையில் இடைவெளி இருந்தது. மகனின் பூப்பந்தாட்டப் பரிசளிப்பில் எடுத்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மனம் சலித்துப் போனேன், வேறு காரணம் எதுவும் இல்லை. ஆறு பற்களை அரைத்து, உள்ளே உலோகமும் வெளியே பீங்கானுமாக ஒன்றோடொன்று ஒட்டிய ஆறு கிறவுன்களை வைத்தார்கள். வைத்த அன்று கண்ணாடியில் பார்த்து அழுதேன், சந்தோசத்தில்தான். அரைத்த பிறகு என் பற்கள் எப்படி இருந்தன என்பதை அன்று அவர்கள் காட்டவில்லை. தற்காலிகக் கிறவுன் ஒரு நாள் இரவு கழன்று விழுந்தபோது நானே பார்த்தேன். சீவிய பென்சில் முனைகள் ஆறு நின்றன.

மூன்றாவது வருடம் ஒரு பல்லில் சீழ் வைத்தது. அரைத்த அதிர்ச்சியில் அந்தப் பல்லின் நரம்பு செத்துவிட்டது என்று பிறகு பார்த்த வைத்தியர் சொன்னார். கிறவுனைத் துளைத்துத்தான் நரம்பு எடுத்தார்கள். ஐந்தாவது வருடம் முரசு சற்று மேலே ஏறி, கிறவுனின் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு தெரிய ஆரம்பித்தது. அது அழுக்கு அல்ல, உள்ளே உள்ள உலோகம். ஆறும் ஒட்டியிருப்பதால் இடையில் நூல் விட்டுச் சுத்தம் செய்ய முடியாது, அதனால் வாயில் ஒரு மணம் எப்போதும் இருக்கிறது. இப்போது மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றினாலும் மீண்டும் கிறவுன்தான். என் சொந்தப் பல்லுக்குத் திரும்பிப் போக வழி இல்லை.

அந்த இடைவெளியை, அரைக்காமலே, ஒரே நாளில் பூச்சு வைத்து மூடியிருக்கலாம் என்று பிற்பாடுதான் அறிந்தேன். அதை அன்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கிழக்குப் பல்வைத்தியன் எழுதியது:

சகோதரி, நான் பேராதனையில் படித்து, பத்து வருடங்களுக்கு மேலாக இம்மாவட்டத்தில் பணியாற்றும் பல் வைத்தியன். உங்கள் வாயைப் பார்க்காமல் நோய் நிர்ணயம் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. அதை அந்த நிலையத்தில் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

பல் நிறம் மாறுவது இரண்டு வகை. தேநீர், வெற்றிலை, புகை போன்றவை வெளியிலிருந்து படியும் கறை. அது சுத்தம் செய்தால் போகும். இன்னொன்று உள்ளிருந்து வரும் நிறம். உங்களுடையது பெரும்பாலும் இரண்டாவது. அடிபட்ட நேரத்தில் பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் சிறிய அறையில் இரத்தம் கசிந்து, அது சிதைந்து, இரும்புச் சத்துள்ள நிறப்பொருள் மிளிரிக்கு (எனாமலுக்கு) அடியில் உள்ள படையின் நுண்ணிய குழாய்களுக்குள் ஊறிவிடுகிறது. அடிபட்டு அந்த நரம்பு செத்துப்போன பல்லில்தான் இப்படிச் சாம்பல் நிறம் நிலைத்து நிற்பதை அதிகம் காண்கிறோம். அதனால்தான் உமிக்கரி அதைத் தொடவில்லை: கறை சுவரின் உட்பக்கத்தில் இருக்கிறது, நீங்கள் வெளிப்பக்கத்தைக் கழுவினீர்கள்.

வலி இல்லை என்பதால் நோய் இல்லை என்று கொள்ள முடியாது. செத்த நரம்பு வலிக்காது. ஆனால் வேரின் நுனியில் எலும்புக்குள் சத்தமில்லாமல் ஒரு கிருமித் தொற்று வருடக்கணக்கில் வளர்ந்திருக்கலாம். ஆகவே முதல் வேலை அழகு அல்ல. அந்தப் பல்லின் வேர் நுனி வரை தெரியும்படி ஒரு சிறிய எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பஞ்சில் குளிர்ந்த மருந்தைத் தொட்டுப் பல்லில் வைத்து நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்துப் பற்களுக்கும், குறிப்பாக மூலை உடைந்த பல்லுக்கும், இதே பரிசோதனையைச் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் மேலே கிறவுனை மாட்டுவது, கூரை ஒழுகும் வீட்டுக்கு உட்பக்கம் பெயின்ற் அடிப்பதற்குச் சமம்.

நரம்பு செத்திருந்தால் வேர்க்கால்வாய்ச் சிகிச்சை, அதாவது நாம் பொதுவாக ‘நரம்பு எடுத்தல்’ என்று சொல்வது, முதலில் நடக்கும். வேரை நிரப்பி முடித்த பிறகு, பல்லின் பின்பக்கம் ஏற்கெனவே திறந்திருக்கும் அதே துவாரத்தின் வழியாக வெண்மையாக்கும் மருந்தை உள்ளே வைத்து அடைத்துவிடலாம். சோடியம் பெர்போரேட் தூளைத் தண்ணீரில் குழைத்து, ஈர மணல் போன்ற பதத்தில் வைப்போம். ஏறத்தாழ ஒரு வாரத்தில் மாற்றுவோம். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு தடவைகள் போதும். நீங்கள் வழமை போல் பாடசாலைக்குப் போய் வரலாம், மருந்து உள்ளிருந்தபடியே வேலை செய்யும். ஒன்றை மட்டும் வைத்தியரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: மருந்து வைப்பதற்கு முன் வேர் நிரப்பலின் மேல் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு சீமெந்துத் தடுப்புப் போட வேண்டும். அது இல்லாமல் செறிவான ஐதரசன் பெரொக்சைட்டை வைத்துச் சூடாக்கும் பழைய முறையில், சிலருக்குப் பல்லின் கழுத்துப் பகுதி வெளியிலிருந்து கரைந்துபோன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. சில வருடங்களில் நிறம் சிறிது திரும்பி வரவும் கூடும். அப்போது அதையே மறுபடியும் செய்யலாம். இவ்வளவுக்கும் அந்தப் பல்லின் முன்பக்கத்தில் ஒரு நகக்கீறல் அளவுகூட அரைக்கத் தேவையில்லை.

மூலை உடைந்த பல்லுக்குக் கொம்போசிற் பூச்சே போதும். உடைந்த விளிம்பைச் சற்று மழுக்கி, பொஸ்போரிக் அமிலப் பசையைச் சில வினாடிகள் வைத்துக் கழுவினால், மிளிரியின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகளோடு சொரசொரப்பாகும். அதில் ஒட்டுத் திரவம் தடவி, பல்லின் நிறத்துப் பசையை இரண்டு மில்லிமீற்றருக்கு மேற்படாத படைகளாக வைத்து, ஒவ்வொரு படையையும் நீல ஒளியில் இறுக வைக்கிறோம். அமிலத்தால் மிளிரியைப் பதப்படுத்தினால் பிசின் ஒட்டும் என்பதை மைக்கேல் புவோனோகோர் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் 1955ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று நாம் அரைக்காமல் செய்யும் பெரும்பாலான ஒட்டு வேலைகளுக்கு அடித்தளம் அதுதான். ஓர் அமர்வில் முடியும். உடைந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்தலாம். குறை என்னவென்றால், தேநீரும் மஞ்சள் சேர்ந்த கறியும் காலப்போக்கில் அதன் மினுக்கத்தைக் குறைக்கும், ஆகவே வருடத்துக்கு ஒரு முறையாவது மெருகு போட வேண்டும். ஐந்து முதல் ஏழு வருடங்களில் புதுப்பிக்க வேண்டி வரலாம்.

இனி நீங்கள் கேட்ட மற்றப் பெயர்கள். வெனீர் என்பது பல்லின் முன்முகத்தில் மட்டும் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடு. வழக்கமாக அரை மில்லிமீற்றர் அளவு அரைத்து ஒட்டுவார்கள். நன்றாகச் செய்தால் பத்துப் பதினைந்து வருடம் நிற்கும். கிறவுன் பல்லைச் சுற்றி முழுவதும் மூடுவது. அதற்காக முன்பல் ஒன்றை அரைக்கும்போது வெளியே தெரியும் பல்லின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். பெரிதாகச் சிதைந்த, ஏற்கெனவே பாதி இழந்த பல்லுக்குக் கிறவுன் அருமையான சிகிச்சை. முழுப் பல்லுக்கு அது தேவையில்லை. கம்பி போடுவது வரிசை கோணலானவர்களுக்கு. பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வருடங்கள் எடுக்கும், உங்கள் கேள்விக்குப் பொருந்தாது.

எல்லாப் பற்களும் இன்னும் சற்று வெண்மையாக வேண்டுமென்றால், வாய்க்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய பிளாஸ்ரிக் தட்டில் 10 சதவீத கார்பமைட் பெரொக்சைட் ஜெல்லை ஒரு துளி வைத்து, இரண்டு வாரம் இரவில் அணிந்து உறங்கும் முறை இருக்கிறது. 1989ஆம் ஆண்டு முதல் பல் வைத்திய இதழ்களில் விரிவாக எழுதப்பட்டு வரும் முறை இது. உங்கள் பல்கூச்சம் முற்றாகக் குறையும் வரை இதைத் தொட வேண்டாம். உமிக்கரி சுரண்டிய மிளிரியை எலுமிச்சை அமிலம் கரைத்திருக்கிறது, மிளிரி மீண்டும் வளராது. புளொரைட் பற்பசையை மென்மையான தூரிகையால் இடுங்கள்; புளிப்பாக ஏதாவது சாப்பிட்ட உடனே தேய்க்காதீர்கள். கர்ப்ப காலத்திலும் வெண்மையாக்கலைத் தள்ளிப்போடுவது வழக்கம்.

வரிசை முக்கியம். பூச்சும் பீங்கானும் வெண்மையாக்கும் மருந்துக்கு நிறம் மாறமாட்டா. ஆகவே முதலில் சுத்தம், பிறகு வேர்ச் சிகிச்சை, பிறகு வெண்மையாக்கல், அதன் பின் இரண்டு வாரம் சும்மா விட்டு, கடைசியாகத்தான் பூச்சு. அந்த இரண்டு வாரம் எதற்கென்றால், வெண்மையாக்கிய பல்லில் தங்கியிருக்கும் ஒட்சிசன், பிசின் சரியாக இறுகுவதைக் கெடுக்கும். இப்போது பங்குனி, ஆவணிக்குள் இவை அனைத்தையும் ஆறுதலாகச் செய்யக் காலம் இருக்கிறது.

அரச வைத்தியசாலைகளில் எக்ஸ்ரேயும் நரம்புச் சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்கும், காத்திருக்க வேண்டி வரலாம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் பற்பிரிவில் முதலில் காட்டுங்கள். தேவைப்பட்டால் பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு அல்லது கொழும்புத் தேசிய பல் வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். தனியாரிடம் போவதானால், செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அம்மாவைப் பற்றி எழுதியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. வெற்றிலைக் காவி, பல்லைச் சுத்தம் செய்யும்போது ஒன்றிரண்டு அமர்வுகளில் போய்விடும். ஆனால் முப்பது வருடம் பாக்கு மென்ற வாயில் நான் முதலில் பல்லைப் பார்ப்பதில்லை, கன்னத்தின் உட்புறத்தைப் பார்ப்பேன். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய், பெண்களும் விதிவிலக்கல்ல. அம்மாவுக்கு வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருக்கிறதா, இரண்டு வாரமாக ஆறாத புண் இருக்கிறதா, கறி காரம் முன்பை விட எரிகிறதா, மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைக்கும் அளவுக்கு வாய் திறக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் உங்களோடு அழைத்து வாருங்கள்.

பீங்கான்காரன் (சாய்ந்தமருது) எழுதியது:

தங்கச்சி, டொக்டர் வைத்தியத்தைச் சொல்லிவிட்டார். நான் பற்களைச் செய்கிற ஆய்வுகூடத்தில் பதினேழு வருடமாக இருப்பவன். கிறவுனும் வெனீரும் என் கையால்தான் உருவாகின்றன. ‘ஒன்றை மட்டும் செய்தால் நிறம் பொருந்தாது’ என்று உங்களிடம் சொன்னார்களே, அதில் பாதி உண்மை. எங்கள் தொழிலில் மிகக் கடினமான வேலை எதுவென்றால், ஒற்றை நடுப்பல்லை அதன் பக்கத்துப் பல்லுக்குப் பொருத்துவது. எட்டையும் ஒரே வெள்ளையில் வார்த்துக் கொடுப்பது எனக்கு இலகு. ஆனால் என் இலகுவுக்காக உங்கள் பற்களை அரைக்க வேண்டும் என்று எந்தக் கிதாபிலும் எழுதவில்லை.

ஏன் கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல் ஒரே நிறம் அல்ல. முரசுப் பக்கம் சற்று மஞ்சள், நடுவில் வெளிறல், வெட்டும் நுனியில் கண்ணாடி போல நீலச் சாயலோடு ஒளி ஊடுருவும். பதினாறு நிறங்கள் கொண்ட பட்டை ஒன்று எல்லாப் பல் வைத்தியரிடமும் இருக்கும். அதில் ஒன்றைத் தேர்ந்து எழுத்தையும் இலக்கத்தையும் மட்டும் துண்டில் எழுதி பஸ்ஸில் அனுப்பிவிட்டு, ஏன் பொருந்தவில்லை என்று எங்களைக் கேட்கிறவர்களும் உண்டு. நிறம் பார்ப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. காலை பத்து மணி போல் யன்னலோர வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், ரியூப் லைற்றை நம்பக் கூடாது. உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட வேண்டும். சிவப்புச் சேலை உடுத்தியிருந்தால் மேலே சாம்பல் நிறத் துணி போர்த்த வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், வேலை தொடங்குவதற்கு முன், பல் ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். வாயைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் போனால் பல் காய்ந்து இயல்பை விட வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்புக்குப் பொருத்திச் செய்த பூச்சு, மறுநாள் பல் நனைந்ததும் தனியே சுண்ணாம்பு போல நிற்கும். பூச்சுக்கும் இது பொருந்தும், ஆகவே உங்கள் இடப்பக்கப் பல்லுக்கு இதை மறக்காதீர்கள்.

உள்வெண்மையாக்கல் சரிவராமல், அந்த ஒரு பல்லுக்கு மட்டும் வெனீர் போட வேண்டி வந்தால், இன்னொரு சங்கதி இருக்கிறது. ஒளி ஊடுருவும் பீங்கான் அழகு. ஆனால் மெல்லியதாக இருந்தால் அடியில் உள்ள சாம்பலைக் காட்டிக் கொடுத்துவிடும். சேர்க்கோனியா என்ற இன்னொரு வகைப் பீங்கான் உறுதியானது, கறுப்பை நன்றாக மறைக்கும். ஆனால் பல்லுக்குரிய உயிர்ப்பு அதில் குறைவு. அதனால்தான் உள்ளே வெளுத்துவிட்டு மேலே ஒட்டுவது நல்லது. எந்த நிறப் பல்லின் மேல் ஒட்டப்போகிறோம் என்பது எங்களுக்குத் தெரிய, அரைத்த பல்லின் படத்தையும் சேர்த்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

நடிகையின் படத்தைக் காட்டினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்களிடம் வரும் துண்டுகளில் இப்போது பாதிக்கு மேல், பட்டையில் உள்ள பதினாறு நிறத்தையும் தாண்டிய வெள்ளையைத்தான் கேட்கின்றன. கை கழுவும் பேசின் அந்த நிறம். நம்மவர்களின் மாநிறத்துக்கு அந்த வெள்ளை, பேசும்போது முகத்துக்கு முன்னால் பல் வந்து நிற்பது போல இருக்கும். கேட்டால் செய்து கொடுப்பேன். என் தங்கைக்குச் செய்யமாட்டேன்.

இரட்டைக்குளம் (அக்கரைப்பற்று) எழுதியது:

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். தொழில் காரணமாக அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதியில், உகணைப் பக்கத்தில் ஏழு வருடம் குடும்பத்தோடு இருந்துவிட்டு இப்போதுதான் ஊருக்குத் திரும்பியிருக்கிறோம். அங்கே கிணற்றுத் தண்ணீர்தான் குடித்தோம். மகனுக்கு ஒன்பது வயது. புதிதாக முளைத்த முன்பற்களில் சுண்ணாம்பு தெளித்தது போல் வெள்ளைத் திட்டுகளும் நடுவில் மண்ணிறக் கோடும் இருக்கின்றன. பாடசாலையில் ‘பல் விளக்காதவன்’ என்று கேலி செய்கிறார்களாம். இவனுக்கும் வெனீர் போடலாமா?

கிழக்குப் பல்வைத்தியன் எழுதியது:

அண்ணா, பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் சொல்வது புளொரைட் மிகையால் வரும் பற்புள்ளியாக இருக்க வாய்ப்பு அதிகம். அநுராதபுரம், பொலன்னறுவை போல அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதிகளிலும் நிலத்தடி நீரில் புளொரைட் கூடுதலாக இருக்கும் இடங்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். முன்பற்களின் மிளிரி எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் குழந்தைப் பருவத்தில் அதற்கு மேல் புளொரைட் உள்ள தண்ணீரைக் குடித்தால் இந்தத் திட்டுகள் விழும். முளைத்து முடிந்த பல்லில் புதிதாக விழாது. பிள்ளை பல் விளக்காததால் வந்ததல்ல என்பதை வகுப்பாசிரியரிடமும் சொல்லிவிடுங்கள்.

வெனீர் இப்போது வேண்டாம். ஒன்பது வயதில் பல்லின் நரம்பறை பெரிது, முரசின் விளிம்பும் இன்னும் நிலைக்கு வரவில்லை. அரைத்தால் நரம்பைத் தொடும் ஆபத்து இருக்கிறது, வளர வளர ஓட்டின் விளிம்பும் வெளியே தெரியும். மண்ணிறக் கோட்டுக்கு, நீர்த்த உப்பமிலமும் தேய்க்கும் தூளும் கலந்த பசையால் மேற்பரப்பில் ஒரு மயிரிழை அளவை மட்டும் தேய்த்தெடுக்கும் முறை இருக்கிறது. வெள்ளைத் திட்டுக்கு, நீர் போன்ற பிசினை மிளிரிக்குள் ஊற விடும் முறை இருக்கிறது. திட்டு முற்றாக மறையாவிட்டாலும் சுற்றியுள்ள பல்லோடு கலந்துவிடும். இரண்டிலும் ஊசியும் துளையிடலும் இல்லை. அவசரமும் இல்லை, கேலி அவனைப் பாதிக்கிறது என்றால் மட்டும் இப்போது செய்யலாம்.

நீரரமகள் எழுதியது (ஏழு வாரங்களின் பின்):

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது. முற்பணம் கட்டவில்லை, கல்லடி அம்மா. வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சாம்பல் நிறப் பல்லின் வேர் நுனியில், படத்தில் ஒரு மிளகு அளவு கறுப்பு வட்டம் இருந்தது. பதின்மூன்று வருடமாக அது அங்கே வளர்ந்திருக்கிறது, எனக்கு ஒரு நாள்கூட வலிக்கவில்லை. மூலை உடைந்த பல்லின் நரம்பு உயிரோடு இருக்கிறது. குளிர்ந்த பஞ்சை வைத்ததும் கதிரையிலிருந்து துள்ளிவிட்டேன்.

நரம்புச் சிகிச்சைக்கு மூன்று தடவை போனேன். பிறகு உள்ளே மருந்து வைத்து இரண்டு தடவை மாற்றியாயிற்று. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை, ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன். இரண்டாம் வாரம் புதன்கிழமை காலை பல் விளக்கும்போது பார்த்தேன், சாம்பல் போய் பழைய தந்தம் போன்ற ஒரு மஞ்சள் வந்திருந்தது. இப்போது முரசை ஒட்டிய ஒரு சிறு பட்டை மட்டும் மங்கலாக இருக்கிறது. நான் சிரித்தால் மேலுதடு அந்த இடம் வரை ஏறுவதில்லை என்பதால் அதை அப்படியே விடலாம் என்றார் வைத்தியர், நானும் சரி என்றேன். பற்கூச்சம் குறைந்திருந்தாலும் மற்றப் பற்களை வெளுக்கும் ஜெல்லை வேண்டாம் என்றுவிட்டேன். பக்கத்துப் பல்லோடு பொருந்தினால் போதும்.

மூலைப் பூச்சு நேற்று முடிந்தது. வைத்தியர் நிறப்பட்டையை எடுத்தபோது, யன்னல் திரையை விலக்கச் சொன்னேன், சாய்ந்தமருது நானா. அவர் சிரித்துவிட்டு, யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்.

அம்மாவையும் அழைத்துச் சென்றேன். காவி எல்லாம் போய்விட்டது. வலக் கன்னத்தின் உட்புறத்தில், வெற்றிலையை ஒதுக்கி வைக்கும் இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறதென்று சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு அடுத்த வெள்ளிக்கிழமை. வெற்றிலைத் தட்டை அம்மா தானாகவே எடுத்துப் பரணில் வைத்துவிட்டார். பாக்குவெட்டியை மட்டும் இன்னும் இடுப்பில் செருகிக்கொண்டுதான் திரிகிறார்.